16 வாட் எங்கே போயிற்று?

மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் காலைக் குளியலுக்கு வாளியில் ராடு ஹீட்டர் போடுவது வழக்கம். சென்ற வாரம் ஒரு நாள், தண்ணீர் சுட்டதும் சுவிட்சை அணைத்துவிட்டுப் பிளக்கை உருவியபோது, அதன் பின்கள் விரலை உதற வைக்கும் அளவுக்குச் சூடாக இருந்தன. தண்ணீரைச் சுட வைக்கவேண்டிய சூட்டில் ஒரு பங்கு சுவரில் இருக்கும் சாக்கெட்டுக்குள் செலவாகிக்கொண்டிருந்தது என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. எவ்வளவு செலவாகிறது, சரியாக எந்த இடத்தில் செலவாகிறது என்பதை, சுவரைத் தொடாமல், மின்னழுத்தம், மின்னோட்டம் என்ற இரண்டு அளவுகளை மட்டும் வைத்துக்கொண்டு கண்டுபிடிக்க முடியுமா என்று பார்க்கத் தோன்றியது.

அரையாண்டு விடுமுறைக்கு வந்திருந்த அக்கா மகள் அப்போது கூடத்தில் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் மின்னோட்டவியல் பாடத்தை விரித்து வைத்திருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் அவள் கேட்ட கேள்வி, நான் எதிர்பார்த்ததைவிடக் கூர்மையாக இருந்தது. "மாமா, ஐ ஸ்கொயர் ஆர் என்று போட்டால் தடை கூடக் கூடச் சூடு கூடுகிறது. வி ஸ்கொயர் பை ஆர் என்று போட்டால் தடை கூடக் கூடச் சூடு குறைகிறது. இரண்டும் ஒரே பாடத்தில்தான் இருக்கின்றன. இதில் எது உண்மை?"

(ஐ என்பது மின்னோட்டம், வி என்பது மின்னழுத்தம், ஆர் என்பது மின்தடை.) இரண்டும் உண்மை என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அது பதிலாகாது. அளந்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

அளப்பதற்கு என்னிடம் ஒரு சாதாரண மல்டிமீட்டரும் ஒரு கிளாம்ப் மீட்டரும் உண்டு. மல்டிமீட்டரிலேயே ஆம்பியர் பார்க்கும் வசதி இருந்தாலும், வீட்டு மின்சாரத்தில் நான் அதைப் பயன்படுத்துவதில்லை. சிவப்பு வயரை ஆம்பியர் துளையில் செருகியிருப்பதை மறந்து, மின்னழுத்தம் பார்ப்பதாக நினைத்துச் சாக்கெட்டில் வைத்து, மீட்டருக்குள் இருந்த ஃபியூஸைப் பொறி பறக்கப் பலிகொடுத்த அனுபவம் ஒருமுறைக்குப் போதும். ஆம்பியர் நிலையில் மீட்டரின் மின்தடை ஏறத்தாழச் சுழியம் என்பதையும், 230 வோல்ட்டைச் சுழியத்துக்கு அருகிலான ஓர் எண்ணால் வகுத்தால் என்ன கிடைக்கும் என்பதையும் அன்றைக்கு நான் சத்தத்தோடு கற்றுக்கொண்டேன். கிளாம்ப் மீட்டர், வயரை வெட்டாமல் அதைச் சுற்றியுள்ள காந்தப்புலத்தைக் கொண்டே மின்னோட்டத்தை அளந்துவிடுகிறது. ஆனால் ஃபேஸும் நியூட்ரலும் சேர்ந்து போகும் முழு வயரையும் அதன் வளையத்துக்குள் விட்டால், எதிரெதிர்த் திசையில் போகும் இரண்டு மின்னோட்டங்களும் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதால் மீட்டர் சுழியத்தையே காட்டும். அதற்காகவே ஒரு சிறிய எக்ஸ்டென்ஷன் பெட்டி செய்து வைத்திருக்கிறேன். அதில் ஃபேஸ் வயர் மட்டும் தனியாக வெளியே வந்து பத்துச் சுற்றுகளாக வளைந்து உள்ளே போகும். பத்துச் சுற்றையும் வளையத்துக்குள் விட்டு, மீட்டர் காட்டுவதைப் பத்தால் வகுத்தால் ஒரு தசமப் புள்ளி கூடுதலாகக் கிடைக்கும். பெட்டியில் சாக்கெட் இரண்டு: ஒன்றில் ஹீட்டர், இன்னொன்றில் மல்டிமீட்டரின் முனைகள்.

வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு அளந்தோம். ஹீட்டர் ஓடாதபோது 231 வோல்ட். ஹீட்டரைப் போட்டதும் 224 வோல்ட். கிளாம்ப் மீட்டர் 42.2 என்று காட்டியது; பத்தால் வகுத்தால் 4.22 ஆம்பியர். தெருவில் யாராவது மோட்டார் போட்டால்கூட மின்னழுத்தம் ஒன்றிரண்டு வோல்ட் ஆடும் என்பதால், போட்டும் அணைத்தும் ஐந்து முறை பார்த்துச் சராசரியை எடுத்துக்கொண்டோம்.

இனிக் கணக்கு. மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை: 224 ÷ 4.22 = 53.1 ஓம். இரண்டையும் பெருக்கினால் மின்திறன்: 224 × 4.22 = 945 வாட். ஹீட்டரின் மேல் 1000 வாட் என்று அச்சிட்டிருக்கிறதே என்று அக்கா மகள் உடனே கேட்டாள். அச்சிட்டிருக்கும் 1000 வாட், அதன் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் 230 வோல்ட்டுக்கு மட்டுமே உரியது. 230-ஐ 230-ஆல் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் 52.9 ஓம் வருகிறது; நாம் அளந்ததும் ஏறத்தாழ அதுதான். அதாவது ஹீட்டர் மாறவில்லை. அதற்குக் கிடைத்த மின்னழுத்தம்தான் குறைந்திருக்கிறது. மின்னழுத்தம் 6 வோல்ட் குறைந்ததற்கு மின்திறன் 55 வாட் குறைந்துவிட்டது. மின்தடை மாறாத பொருளில் மின்திறன் மின்னழுத்தத்தின் இருமடியைப் பின்பற்றுவதால், அங்கே இரண்டரை விழுக்காடு குறைந்தால் இங்கே ஐந்து விழுக்காடு குறையும்.

என் சிறுவயதில், ஊரில் பம்ப்செட் மோட்டார்கள் எல்லாம் ஒன்றாக ஓடும் நேரத்தில் வீட்டு மின்னழுத்தம் 190-க்கு வந்துவிடும். அந்த நிலையில் இதே ராடு 680 வாட் அளவே தந்திருக்கும். 18 லிட்டர் தண்ணீரை 20 டிகிரி உயர்த்த, முழு 1000 வாட்டில் 25 நிமிடம் என்றால், 190 வோல்ட்டில் 37 நிமிடம். "கரண்ட்டில் சத்து இல்லை" என்று பாட்டி சொன்னது, இருமடி விதியைத்தான்.

ஆனால் எங்கள் கேள்வி ஹீட்டரைப் பற்றியது அல்ல. காணாமல் போன 7 வோல்ட்டைப் பற்றியது. அந்த 7 வோல்ட்டையும் அதே 4.22 ஆம்பியரால் வகுக்கலாம். 1.66 ஓம் வருகிறது. டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து எங்கள் பிளக் வரைக்கும் உள்ள வழி முழுவதும் சேர்ந்து ஹீட்டரோடு தொடராக நிற்கும் மின்தடை இது. இதில் கம்பத்திலிருந்து மீட்டர் வரைக்கும் எவ்வளவு, வீட்டுக்குள் எவ்வளவு என்று பிரிக்க வேண்டும். மெயின் போர்டை ஒட்டியே ஒரு பிளக் பாயிண்ட் இருப்பதால் அதில் மல்டிமீட்டரை வைத்துவிட்டு, அக்கா மகளைக் குளியலறைச் சுவிட்சுக்கு அனுப்பினேன். ஹீட்டர் ஓடும்போது அங்கே 229 வோல்ட். ஆக வெளியே இழப்பது 2 வோல்ட். வீட்டுக்குள் இழப்பது 5 வோல்ட், அதாவது 1.18 ஓம்.

வீட்டுக்குள் ஓடும் வயர் 1.5 ஸ்கொயர் எம்எம் செம்பு. அந்தப் பருமனுள்ள செம்புக் கம்பிக்கு ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 0.012 ஓம். மெயின் போர்டிலிருந்து குளியலறை வாசல் வரை 12 மீட்டர், மின்சாரம் போகவும் வேண்டும், திரும்பி வரவும் வேண்டும் என்பதால் 24 மீட்டர், 0.29 ஓம். (போகும் தூரத்தை மட்டும் கணக்கிட்டுத் திரும்பும் தூரத்தை விட்டுவிடுவது, இந்தக் கணக்கில் ஏறக்குறைய எல்லாரும் செய்யும் தவறு; அக்கா மகளும் செய்தாள்.) 1.18-இல் 0.29-ஐக் கழித்தால் மீதி 0.89 ஓம். கம்பிக்குச் சொந்தமில்லாத இந்தத் தடை, எங்கோ ஓர் இணைப்பில்தான் இருக்க வேண்டும். அதில் உண்டாகும் சூடு, மின்னோட்டத்தின் இருமடியைத் தடையால் பெருக்கினால் வரும்: 17.8 × 0.89, ஏறத்தாழ 16 வாட்.

16 வாட் என்றால் கேட்பதற்கு ஒன்றுமில்லை. ரேடியோ, மொபைல் பழுது பார்ப்பவர்கள் ஈயத்தை உருக்கி ஒட்டும் சிறிய சால்டரிங் அயர்ன் 25 வாட்தான் என்பதை நினைத்துக்கொண்டால், ஒரு திருகாணியின் தலையளவு இடத்தில் 16 வாட் என்பது என்ன என்று விளங்கும்.

கணக்கை இன்னொரு வழியிலும் சோதித்தோம். ஈபி மீட்டரில் சிவப்பு விளக்கு ஒன்று விட்டுவிட்டு மின்னும். எங்கள் மீட்டரில் ஒரு யூனிட்டுக்கு 3200 முறை என்று எழுதியிருக்கிறது. ஹீட்டர் மட்டும் ஓடும்போது இரண்டு நிமிடத்தில் 103 முறை மின்னியது. 103-ஐ 3200-ஆல் வகுத்து, இரண்டு நிமிடத்தை ஒரு மணிக்கு மாற்ற 30-ஆல் பெருக்கினால் 0.966 கிலோவாட். மெயின் போர்டில் அளந்த 229 வோல்ட்டை 4.22 ஆம்பியரால் பெருக்கினாலும் 966 வாட். ஒரு மின்னல் கூடக் குறைய எண்ணியிருந்தால் ஒன்பது வாட் மாறியிருக்கும். ஆகவே இவ்வளவு நெருக்கமாகப் பொருந்தியதில் கொஞ்சம் அதிர்ஷ்டமும் உண்டு. ஆனாலும் மீட்டர் எண்ணிய 966 வாட்டுக்கும் ஹீட்டருக்குப் போய்ச் சேர்ந்த 945 வாட்டுக்கும் இடையில் உள்ள 21 வாட்டில், கம்பியின் பங்கு 5, அந்த மறைவான இணைப்பின் பங்கு 16 என்று கணக்கு ஒழுங்காக மூடியது. அதற்கும் காசு கட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறோம்.

இந்த இடத்தில் அக்கா மகளின் கேள்விக்கு வருகிறேன். இரண்டு சூத்திரங்களும் ஒரே பெருக்கலிலிருந்து வந்தவை. மின்னழுத்தம் பெருக்கல் மின்னோட்டம் என்பதில், ஓம் விதியைக் கொண்டு ஒன்றை நீக்கினால் ஒரு சூத்திரம், மற்றதை நீக்கினால் இன்னொரு சூத்திரம். "தடை கூடினால் சூடு என்ன ஆகும்" என்று கேட்கும்போது, எது மாறாமல் நிற்கிறது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். ஹீட்டரின் இரு முனைகளுக்கும் குறுக்கே நிற்பது ஈபி தரும் மின்னழுத்தம். அது ஏறத்தாழ மாறுவதில்லை. எனவே ஹீட்டருக்கு வி ஸ்கொயர் பை ஆர் பொருந்தும்: 2000 வாட் ஹீட்டரின் தடை 1000 வாட் ஹீட்டரின் தடையில் பாதி. தளர்ந்த திருகாணிக்கோ எதிரில் நிற்பது மின்னழுத்தம் அல்ல; மின்னோட்டம். எவ்வளவு மின்னோட்டம் ஓட வேண்டும் என்பதை 53 ஓம் ஹீட்டர் முடிவுசெய்துவிட்டது. அரை ஓம், ஒரு ஓம் கூடுவதால் அது பெரிதாக மாறப்போவதில்லை. எனவே திருகாணிக்கு ஐ ஸ்கொயர் ஆர் பொருந்தும்: தடை இருமடங்கானால் சூடும் ஏறத்தாழ இருமடங்கு.

"அப்படியானால் அந்த இடத்தில் தடை கூடிக்கொண்டே போனால் சூடும் கூடிக்கொண்டே போகுமா?" என்றாள். போகாது. இணைப்பின் தடை, சுற்றில் உள்ள மற்ற எல்லாத் தடைகளின் கூட்டுத்தொகையை எட்டும்வரை சூடு கூடும். அதற்குப் பிறகு மின்னோட்டமே குன்றிவிடுவதால் சூடு குறையத் தொடங்கும். கம்பி முற்றிலும் விட்டுப்போனால் சுழியம். உச்சநிலை எங்கள் சுற்றில் 54 ஓம் அளவில் வரும். அப்போது அந்த ஓரிடத்தில் மட்டும் ஏறத்தாழ 250 வாட். அந்த நிலையை அடைவதற்கு வெகு முன்பே சாக்கெட்டின் பிளாஸ்டிக் கருகிவிடும் என்பது வேறு. இதில் எனக்கு மிகவும் உறுத்தலாகப்படுவது, எம்சிபி இதைக் கண்டுகொள்ளாது என்பதே. மின்னோட்டம் அளவுக்கு மேல் போனால்தான் எம்சிபி விழும். தளர்ந்த இணைப்பு சுற்றின் தடையைக் கூட்டுவதால் மின்னோட்டம் குறையத்தான் செய்கிறது. சுவர் கருகிக்கொண்டிருக்கும்போது, எம்சிபியின் கணக்குப்படி வீட்டில் எல்லாம் முன்னைவிட நலம். அதே சாக்கெட்டில் 2000 வாட் கெய்சரைச் செருகியிருந்தால், மின்னோட்டம் இருமடங்கை நெருங்குவதால் 16 வாட் என்பது 60 வாட் ஆகியிருக்கும். அப்போதும் எம்சிபிக்குத் தெரிந்திருக்காது.

இணைப்பின் தடை என்ற இந்தத் தொல்லை, ஓம் விதி பிறப்பதற்கு முன்பே இருந்தது. கியோர்க் சைமன் ஓம், ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் 1789-இல் பூட்டுத் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்து, கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்தபோது இந்தச் சோதனைகளைச் செய்தார். அவர் முதலில் பயன்படுத்திய வோல்டா வகை மின்கலம், அளந்துகொண்டிருக்கும்போதே வலு குறைந்துவிட்டது. 1825-இல் அவர் வெளியிட்ட சூத்திரம் தவறாகிப்போனதற்கு அது முக்கியமான காரணம். பிறகு பிஸ்மத்தும் செம்பும் சேர்ந்த, இரு சந்திகளின் வெப்பநிலை வேறுபாட்டிலிருந்து மின்னழுத்தம் தரும் வெப்பமின்னிரட்டையை எடுத்துக்கொண்டு, ஒரு சந்தியைக் கொதிநீரிலும் மறு சந்தியைப் பனிக்கட்டியிலும் வைத்து, அசையாத மின்னழுத்தம் ஒன்றைப் பெற்றார். கம்பிகளைத் திருகிக் கட்டாமல், பாதரசம் நிரப்பிய சிறு கிண்ணங்களில் முனைகளைத் தோய்த்து இணைத்தார். 2 அங்குலத்திலிருந்து 130 அங்குலம் வரை, ஒரே பருமனும் வெவ்வேறு நீளமும் கொண்ட எட்டுச் செம்புக் கம்பிகளை ஒவ்வொன்றாக மாற்றி மின்னோட்டத்தை அளந்தார். 1826-இல் அவர் எழுதிய சூத்திரத்தில், கம்பியின் நீளத்தோடு கூட்டப்படும் மாறிலி ஒன்று உண்டு. கம்பியைத் தவிரச் சுற்றில் உள்ள மற்ற எல்லாவற்றின் தடை அது. எங்கள் 1.66 ஓமின் மூத்த உறவு என்று அதைச் சொல்லலாம். பாடப்புத்தகத்தில் விதி சுருங்கி வரும்போது இந்த மாறிலிதான் முதலில் கழற்றிவிடப்படுகிறது; வீட்டில் பழுது வந்தால் தேட வேண்டியதும் இதைத்தான்.

1827-இல் அவர் எழுதிய நூல் அவருடைய நாட்டில் அன்றைக்குப் பெரிய வரவேற்பைப் பெறவில்லை. இலண்டன் ராயல் சொசைட்டி அவருக்குக் காப்ளி பதக்கம் வழங்கியது 1841-இல். அதே ஆண்டில்தான், மான்செஸ்டரை அடுத்த சால்ஃபோர்டில் பீர் தயாரிக்கும் ஆலைக்காரரின் மகனான ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல், மின்னோட்டம் பாயும் கம்பியில் எழும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கும் தடைக்கும் விகிதத்தில் இருக்கிறது என்ற கட்டுரையை வெளியிட்டார். அவர் செய்ததும் கம்பிச் சுருளைத் தண்ணீரில் அமிழ்த்தி வெப்பநிலை எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்ததுதான். வாளியில் ராடு போடும் வீடுகள் எல்லாம் நாள்தோறும் அந்தச் சோதனையைச் செய்துகொண்டிருக்கின்றன. வெப்பமானி வைப்பதில்லை, அவ்வளவே.

மெயினை அணைத்து, டெஸ்டரால் ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்துவிட்டுச் சாக்கெட்டைக் கழற்றினேன். நியூட்ரல் வயரைப் பிடித்திருந்த திருகாணி, கையால் சுழற்றும் அளவுக்குத் தளர்ந்திருந்தது. அதன் அடியில் செம்புக் கம்பி கறுத்து, மேலே போர்த்தியிருந்த உறை ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்குப் பழுப்பேறி மொறமொறப்பாகியிருந்தது. ஃபேஸ் பக்கம் பளபளப்பாக இருந்தது. கருகிய பகுதியை வெட்டி நீக்கி, கம்பியைப் புதிதாகச் சீவி, சாக்கெட்டையும் மாற்றி இறுக்கினேன். மீண்டும் அளந்தபோது ஹீட்டர் ஓடுகையில் 228 வோல்ட், 4.29 ஆம்பியர். 3 வோல்ட்டை 4.29-ஆல் வகுத்தால் 0.7 ஓம், வெளிவழியின் 0.47-உம் கம்பியின் 0.29-உம் சேர்ந்து எதிர்பார்த்த 0.76-க்கு, மீட்டர் முழு வோல்ட்டாக மட்டும் காட்டும் நிலையில், இது போதுமான பொருத்தம்.

இவ்வளவுக்கும் பிறகு அக்கா மகள், மின்தடையை மல்டிமீட்டரின் ஓம் நிலையிலேயே நேரடியாகப் பார்த்திருக்கலாமே என்றாள். ஹீட்டருக்கு அது சரிவரும். உள்ளே இருப்பது நிக்ரோம் கம்பி. சூடேறினாலும் அதன் தடை சிறிதளவே கூடும். அணைத்துக் கழற்றிய நிலையில் மீட்டர் 52.5 ஓம் காட்டியது. ஓடும்போது கணக்கில் வந்தது 53.1. ஆனால் பரணில் கிடந்த பழைய 60 வாட் குண்டு பல்பை எடுத்து அதே மீட்டரில் பார்க்கச் சொன்னேன். 66 ஓம். அதை வைத்துக் கணக்கிட்டால் 230 வோல்ட்டில் அந்தப் பல்பு 800 வாட் எடுக்க வேண்டும். எரிய விட்டு அளந்தோம்: 229 வோல்ட், 0.26 ஆம்பியர், தடை 881 ஓம், மின்திறன் 59.5 வாட். டங்ஸ்டன் இழை 2500 டிகிரியை ஒட்டிச் சூடேறும்போது அதன் தடை பதின்மூன்று மடங்கு கூடிவிடுகிறது. சுவிட்சைப் போட்ட கணத்தில் குளிர்ந்த இழையின் வழியே மூன்றரை ஆம்பியர் பாய்வதால்தான் குண்டு பல்புகள் பெரும்பாலும் போடும்போதே "டிக்" என்று உயிரை விட்டன. பம்ப்செட் நேரத்தில் 160 வோல்ட்டில் பல்பு செங்கல் நிறத்தில் எரிந்த இரவுகளில், இருமடி விதிப்படி பாதிக்கும் கீழே போயிருக்க வேண்டிய மின்திறன் அவ்வளவு குறையவில்லை. இழை குளிரக் குளிர அதன் தடையும் இறங்கி, மின்னோட்டத்தைச் சற்றுத் தாங்கிப் பிடித்தது. ஒளிதான் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே விழுந்தது.

ஃபிரிட்ஜையும் அளக்கலாம் என்று கிளம்பியபோதுதான் நான் கொஞ்சம் தடுமாறினேன். 230 வோல்ட், 1.1 ஆம்பியர், பெருக்கினால் 253. ஆனால் ஈபி மீட்டர் ஒரு நிமிடத்துக்கு எட்டு முறைதான் மின்னியது, அதாவது 150 வாட். மோட்டாரில் மின்னோட்டம் மின்னழுத்தத்தோடு சேர்ந்து நடக்காமல் பின்தங்கி வருவதால், பெருக்கிக் கிடைக்கும் 253-ஐ வாட் என்று சொல்லக்கூடாது. வகுத்துக் கிடைக்கும் 209 ஓமை மின்தடை என்றும் சொல்லக்கூடாது, அதற்கு மின் எதிர்ப்பு என்று வேறு பெயர். ஹீட்டரிலும் குண்டு பல்பிலும் அந்தப் பின்தங்கல் இல்லாததால்தான் காலையிலிருந்து எங்கள் கணக்கு இவ்வளவு சமர்த்தாக நடந்துகொண்டிருந்தது.

அவள் நோட்டில் ஃபிரிட்ஜின் வரிக்கு எதிரே கேள்விக்குறி போட்டுக்கொண்டு, இஸ்திரிப் பெட்டி மாட்டும் பிளக் பாயிண்ட்டையும் பார்த்துவிடலாம் என்று என் எக்ஸ்டென்ஷன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அங்கே இழப்பு இரண்டரை வோல்ட்டுக்குள்தான் இருந்தது. அவளுக்குச் சற்று ஏமாற்றம்.